கேள்வி கேட்கும் பெற்றோரும் திருப்பி அடிக்கும் பள்ளியும்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இன்னொரு டம்ளருக்கும் சேர்த்தே தண்ணீர் வையுங்கள். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் படிப்புக்காகப் பள்ளியோடு மல்லுக்கட்டும் பெற்றோரை நிர்வாகம் எப்படித் திருப்பி அடிக்கிறது, அப்போது சட்டம் எதுவரை துணைக்கு வரும் என்பதைத்தான் பேசப்போகிறோம்.

முதலில் எதிராளி யார் என்று தெரிந்துகொள்வோம். அங்கே ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்பது நம்மூர் மாவட்டக் கல்வி அலுவலகம் போன்றதல்ல. பெரும்பாலான மாநிலங்களில் அது தனி உள்ளாட்சி. ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியம், வீட்டு வரியிலிருந்து வரும் பணம், வாரியம் நியமிக்கும் சூப்பரின்டென்டென்ட், கூப்பிட்டால் வரும் வக்கீல்கள் எல்லாம் உண்டு. இந்தப் பக்கம் நிற்பவர் ஒரு அம்மா அல்லது அப்பா. தன் பிள்ளைக்காகச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்து, பிறகு பக்கத்துத் தெருப் பிள்ளையின் கூட்டத்துக்கும் துணைக்குப் போய் உட்காருகிறவர். ‘பேரன்ட் அட்வகேட்’ என்பார்கள். வக்கீல் பட்டம் கிடையாது, பெரும்பாலும் சம்பளமும் கிடையாது.

இவர் கையில் இருப்பது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்காக 1975-இல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம். 1990 முதல் அதற்கு ‘ஐடியா’ என்று பெயர். அதற்கு முன், 1970 வாக்கில், ஐந்தில் ஒரு மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குத்தான் அமெரிக்கப் பள்ளிகளில் இடம் கிடைத்தது. இன்று 75 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள், அதாவது அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர், இந்தச் சட்டத்தின் கீழ் படிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ‘ஐ.இ.பி.’ என்ற தனித் திட்டம் எழுதியாக வேண்டும். வாரத்துக்கு எத்தனை நிமிடம் பேச்சுப் பயிற்சி, வகுப்பில் உதவியாள் உண்டா, ஆண்டு முடிவில் பிள்ளை எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லாமே அதில் எழுத்தில் இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பெற்றோரையும் உட்கார வைத்து அதைப் பார்க்க வேண்டும். துணைக்கு விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்து வரவும் பெற்றோருக்கு உரிமை உண்டு.

அந்தத் தாளில் ஏறும் ஒவ்வொரு நிமிடமும் காசு. 1975-இல் கூடுதல் செலவுக்காக ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 சதவீதம்வரை தருவதாக மத்திய அரசு சொன்னது. அந்த 40 இன்றுவரை முழுதாக வந்ததில்லை. மிச்சத்தை மாநிலமும் ஊரும் சுமக்கின்றன. ஒரு பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் அடுத்த வீட்டுக்காரரும் கேட்பார் என்பது நிர்வாகத்தின் பயம். தன் பிள்ளைக்கு மட்டும் கேட்கும் அம்மாவை எப்படியாவது சமாளித்துவிடலாம். மற்றவர்களுக்கும் கேட்கக் கற்றுக்கொடுக்கும் அம்மாவைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. பழிவாங்கலின் வேர் அங்கே இருக்கிறது. தனிப்பட்ட வன்மம் பிறகுதான் வந்து சேர்கிறது என்பது என் கணிப்பு.

அது பழிவாங்கல் என்ற பெயரோடு வராது. விதிமுறை என்ற பெயரில் வரும். நோயால் வராத நாட்களுக்கு, இத்தனை வருடம் வராத வருகைக் குறைவு நோட்டீஸ் வரும். வகுப்பில் தன்னார்வலராக வந்துகொண்டிருந்தவரை இனி வர வேண்டாம் என்பார்கள். வளாகத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று கடிதம் வரும். சின்னச் சேட்டைக்குப் பிள்ளை சஸ்பெண்ட் ஆகும்.

இவை எல்லாவற்றிலும் கொடியது குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குப் போகும் புகார். வீட்டில் பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறார்களோ என்று நியாயமான சந்தேகம் வந்தாலே பள்ளி ஊழியர் புகார் செய்தாக வேண்டும். அது அங்கே சட்டக் கடமை. நல்லெண்ணத்தில் செய்த புகாருக்குப் பாதுகாப்பும் உண்டு. பிள்ளைகளைக் காக்க வந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் கெட்ட எண்ணம் உள்ளவர் கையில் இதைவிட வசதியான ஆயுதம் கிடையாது. வீட்டு வாசலில் அதிகாரி வந்து நின்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்ன பிறகு, அடுத்த ஐ.இ.பி. கூட்டத்தில் எந்தத் தாய் குரல் உயர்த்துவாள்?

இதை நீதிமன்றங்கள் பார்க்காமல் இல்லை. டென்னசியில் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் பாதுகாப்பு ஏற்பாடு கேட்ட பெற்றோர் மீது இப்படிப் புகார் போனது. ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் அந்த வழக்கை ஜூரி முன் கொண்டுபோக அனுமதித்தது. 2015-இல் அதே நீதிமன்றம் ஓஹையோ தந்தை ஒருவரின் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. மகளின் படிப்புக்காக வாதாடி வந்தவர் அவர். புகார் கொடுத்தது ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் உயரதிகாரி. புகார் முழுக்கப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பழிவாங்கும் நோக்கம் அதில் ஓரளவு இருந்தாலே வழக்குத் தொடுக்கலாம் என்றது நீதிமன்றம். பதவியைக் காட்டித் தப்பிக்கவும் அந்த அதிகாரியை விடவில்லை.

ஆனால் ஒவ்வொரு தடையும் பழிவாங்கல் ஆகிவிடாது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு தந்தை ஓயாமல் மின்னஞ்சல் அனுப்பினார், நேரிலும் கடிந்து பேசினார் என்று பள்ளி அவருக்கு ஒரு வரம்பு போட்டது: இனி இரண்டு வாரத்துக்கு ஒரு சந்திப்பில் பேசிக்கொள்ளலாம். பேச்சுரிமையைப் பறிக்கிறார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். 2020-இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் பள்ளி பக்கமே சாய்ந்தது. பேசும் முறைக்குத்தான் வரம்பு, பேசும் விஷயத்துக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு அந்தத் தந்தை மேல் இரக்கம் உண்டு. என்றாலும் நடுராத்திரிக் கோபத்தில் எழுதும் மின்னஞ்சல் ஒருநாள் நீதிபதியின் மேசைக்குப் போகலாம் என்பதை மறக்கக் கூடாது.

மற்றவர்களுக்காகப் பேசுகிறவருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. கூட்டத்தில் துணைக்கு உட்காரலாம். விசாரணை மன்றத்தில் இன்னொருவர் பிள்ளைக்காக வாதாட மாநிலம் விடாமல் போகலாம். டெலவேர் உச்ச நீதிமன்றம் 2000-இல் அப்படி வாதாடியவர்களை, உரிமமின்றி வக்கீல் தொழில் செய்தவர்கள் என்றே சொல்லிவிட்டது. சொந்தப் பிள்ளைக்காக என்றால் வக்கீல் இல்லாமலே கூட்டாட்சி நீதிமன்றம்வரை போகலாம். அந்த உரிமையைத் தந்தது 2007-இல் வந்த ‘விங்கல்மன்’ தீர்ப்பு.

ஒரு விசித்திரம். 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பழிவாங்கலைத் தடுக்கத் தனிப் பிரிவே கிடையாது. பாதுகாப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவுக்கான விதிகள், மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1990-ஆம் ஆண்டின் ஏ.டி.ஏ. சட்டம், அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை ஆகிய மூன்றுமே துணை. உரிமையைக் கேட்டவரை மட்டுமல்ல, கேட்க இன்னொருவருக்கு உதவியவரையும் ஏ.டி.ஏ. காக்கிறது. பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சேவை சேரவில்லை என்று சொன்ன கலிஃபோர்னியா ஆசிரியை ஒருவரும் வழக்குப் போடலாம் என்று 2009-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பள்ளிக்குள் மனசாட்சியோடு இருக்கும் ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வழக்கு நிற்க மூன்று விஷயம் வேண்டும். நீங்கள் ஓர் உரிமையைக் கேட்டீர்கள். அதன் பிறகு, சாதாரண மனிதர் இனிமேல் கேட்கவே யோசிக்கும் அளவுக்கு ஒரு பாதிப்பு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. முதல் இரண்டைக் காட்டுவது சுலபம். மூன்றாவதில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள், ஏனென்றால் நிர்வாகம் எதற்கும் ஒரு காரணம் சொல்லும். அந்தக் காரணத்தை உடைக்கத் தேதிகள் வேண்டும். மூன்று வருடமாக வராத நோட்டீஸ், நீங்கள் புகார் கொடுத்த பத்தாம் நாள் வந்தால், அந்தத் தேதியே பாதி வாதம்.

அதனால்தான் அனுபவப்பட்ட பெற்றோர் எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கச் சொல்கிறார்கள். கூட்டம் முடிந்த அன்றே, ‘இன்று இன்னது பேசினோம், இன்னதை மறுத்தீர்கள், தவறாகப் புரிந்திருந்தால் சொல்லுங்கள்’ என்று நாலு வரி அனுப்புங்கள். பள்ளி எதை மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் பதிவேடுகளைப் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். பணத்தையும் முன்கூட்டியே யோசியுங்கள். ஜெயித்தால் வக்கீல் கட்டணம் திரும்பக் கிடைக்கலாம். நிபுணர் கட்டணம் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லிவிட்டது. தொல்லை கொடுக்கவே வழக்குப் போட்டார் என்று நீதிமன்றம் கருதினால் பள்ளியின் வக்கீல் செலவு பெற்றோர் தலையில் விழலாம். அது 2004 திருத்தத்தில் நுழைந்தது. சில பள்ளி வக்கீல்கள் முதல் கடிதத்திலேயே இந்தப் பிரிவைக் காட்டி மிரட்டுவதும் உண்டு. படித்துப் பயந்துவிட வேண்டாம். நேர்மையான புகாருக்கு அது பொருந்தாது.

உச்ச நீதிமன்றம் அண்மைக் காலத்தில் பிள்ளைகள் பக்கம் ஓரளவு நகர்ந்திருக்கிறது. ஐ.இ.பி.யால் பெயருக்கு ஏதோ ஒரு முன்னேற்றம் வந்தால் போதாது என்று 2017-இல் ‘எண்ட்ரூ’ வழக்கில் ஒருமனதாகச் சொன்னது. 2025 ஜூனில் வந்த தீர்ப்பு மின்னசோட்டாச் சிறுமி ஒருத்தியைப் பற்றியது. காலையில் வலிப்பு அதிகமாக வருவதால் நண்பகல்வரை அவளால் பள்ளிக்குப் போக முடியாது. முன்பு இருந்த கென்டக்கியில் மாலையில் பாடம் சொல்லித் தந்தார்கள். புது ஊரில் மறுத்தார்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஆறரை மணி நேரம், அவளுக்கு நாலே கால். 504, ஏ.டி.ஏ. சட்டங்களின் கீழ் வழக்குப் போட்டபோது, பள்ளி கெட்ட எண்ணத்தோடு நடந்ததையோ அப்பட்டமாகத் தவறான முடிவெடுத்ததையோ நிரூபித்தாக வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் அவளைத் திருப்பி அனுப்பின. பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் அப்படி ஒரு தனிச் சுமை ஏற்றக் கூடாது என்று ஒன்பது நீதிபதிகளும் சொன்னார்கள்.

கீழே, பெற்றோர் நேராகப் போய்த் தட்டும் கதவில் நிலைமை தலைகீழ். பழிவாங்கல் புகாரை வக்கீல் இல்லாமல், செலவில்லாமல் கொடுக்கும் இடம் கூட்டாட்சிக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகம். 2025 மார்ச்சில் அதன் 12 வட்டார அலுவலகங்களில் 7-ஐ மூடுவதாக அறிவித்தார்கள். புகார்கள் தேங்குகின்றன. இது பள்ளிகளுக்குத் துணிச்சல் தரும் முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் புகாரைக் கொடுத்து வையுங்கள். சம்பவம் நடந்து 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்ற கெடு அப்படியேதான் இருக்கிறது.

டெக்சாசிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு வார்த்தை. விசாவில் இருக்கிறோமே, வாய் திறந்தால் வம்பு என்று ஒதுங்க வேண்டாம். குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தக் கூடாது என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஐ.இ.பி. கூட்டத்தில் உங்களுக்கு ஆங்கிலம் தடுமாறினால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஏற்பாடு செய்வது பள்ளியின் பொறுப்பு. அதற்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது.