சங்கத்துச் செய்தியைப் பத்திரிகைக்கு எழுதுவது எப்படி?

எமது ஊர்ச் சங்கங்களும் தோட்டத்துச் சங்கங்களும் எத்தனையோ நல்ல காரியங்கள் செய்கின்றன. இரத்ததானம், சிரமதானம், பிள்ளைகளுக்குக் கொப்பி புத்தகம், சாவீட்டு உதவி என்று சொல்லிக்கொண்டே போகலாம். சம்பளம் வாங்காத ஆக்கள் வேலைக் களைப்போடு செய்கிற தொண்டு இது. ஆனால் பத்திரிகையில் ஒரு வரி வராது. "நிருபர்மார் எங்களைக் கவனிக்கிறதில்லை" என்று பலரும் குறைப்படுவார்கள். பல நேரம் காரணம் அனுப்பிய கடுதாசியில்தான் இருக்கிறது.

களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் ஓர் இரத்ததான முகாம் நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அறிக்கை பிரதம அதிதியில் தொடங்கும். பிறகு கௌரவ அதிதிகள், விசேட அதிதிகள், தலைவர், செயலாளர், பொருளாளர். பத்து வரி போன பிறகுதான் இரத்ததானம் என்ற சொல்லே வரும். எத்தனை மணிக்கு என்பது விடுபட்டுப் போகும். இரத்தம் கொடுக்க நினைத்தவர் அதற்குள் பக்கத்தைத் திருப்பிவிடுவார். நட்டம் யாருக்கு? இரத்தம் இல்லாமல் கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு.

பத்திரிகை அறிக்கை என்றால் என்ன?

நடந்ததை அல்லது நடக்கப்போவதை, அதைச் செய்கிறவர்களே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பதுதான் பத்திரிகை அறிக்கை. 1906 ஒக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 53 பேர் இறந்தார்கள். அந்த ரயில் கொம்பனிக்காக ஐவி லீ என்பவர் விபத்து விபரங்களை மறைக்காமல் எழுதி நிருபர்களிடம் கொடுத்தார். நியூயோர்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. முதலாவது பத்திரிகை அறிக்கை இதுதான் என்று பலரும் சொல்வார்கள். உண்மையை நேராகச் சொன்னதால்தான் அது எடுபட்டது. எமது மலையகத்திலும் கோ. நடேசய்யர் 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தித் தோட்டத்து அநியாயங்களை வெளியே கொண்டுவந்தார். ஆகவே எழுத்தின் பலம் எமது ஆக்களுக்குப் புதிதல்ல.

எழுதும் முறை

1. தலைப்பு ஒரே வரியில் இருக்கட்டும். அதில் என்ன, எங்கே என்பது தெரிய வேண்டும்.

2. முதல் பந்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விக்கும் பதில் வர வேண்டும். இடம் போதாவிட்டால் பத்திரிகைக்காரர் கடைசியிலிருந்துதான் வெட்டுவார். ஆகவே முக்கியமானது மேலே, அதிதிகளின் பெயர் கீழே.

3. மாவட்டத்தையும் எழுதுங்கள். களுவாஞ்சிக்குடி எங்கே என்று எமக்குத் தெரியும், பதுளையில் வாசிப்பவருக்குத் தெரியாது. "நாளை", "வரும் ஞாயிறு" என்று மட்டும் விடாமல் திகதியும் போடுங்கள்.

4. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அடியில் பொறுப்பானவரின் பெயரும், எடுத்துப் பேசக்கூடிய தொலைபேசி இலக்கமும் கட்டாயம்.

மாதிரி ஒன்று:

"களுவாஞ்சிக்குடியில் இரத்ததான முகாம். மட்டக்களப்பு மாவட்டம், களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் ஞாயிற்றுக்கிழமை (திகதி) காலை 8.30 முதல் பிற்பகல் 2.00 மணி வரை இரத்ததான முகாம் நடைபெறும். ............ சங்கம் இதனை ஒழுங்கு செய்துள்ளது. 18 முதல் 60 வயது வரையான, 50 கிலோவுக்குக் குறையாத நிறையுடைய சுகதேகிகள் இரத்தம் வழங்கலாம். கடைசியாக வழங்கி நான்கு மாதம் கடந்திருக்க வேண்டும். அடையாள அட்டையைக் கொண்டுவரவும்."

இவ்வளவும் போதும். வாசிப்பவருக்குத் தான் போகலாமா, எப்போது போவது, என்ன கொண்டுபோவது என்று விளங்கிவிடும்.

எண்ணிக்கையில் கவனம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்து லயங்களை மூடியது. முதல் நாளில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று உலகமெல்லாம் செய்தி போனது. பிறகு பெயர் பெயராகப் பார்த்தபோது அந்த எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. போன ஓர் உயிருக்கும் அதனால் மதிப்புக் குறையவில்லை. ஆனால் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தவிக்கும் குடும்பத்துக்கு ஒரு பிழையான எண் எவ்வளவு வேதனை! அனர்த்த நேரத்தில் அறிக்கை எழுதினால், "இன்று மாலை 4 மணி வரை நாம் பதிந்த குடும்பங்கள் இத்தனை" என்று, எண்ணிப் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். பிழை வந்துவிட்டால் அன்றைக்கே திருத்தம் அனுப்ப வேணும். மறுகா பார்ப்போம் என்று விட்டால் சங்கத்தின் பேரில் உள்ள நம்பிக்கை போய்விடும். காசில்லாத சங்கத்துக்கு அந்த நம்பிக்கைதான் முதல்.

படம் எடுக்கும்போது

2004 சுனாமிக்குப் பிறகு எமது கரையோரத்தில் நிவாரணம் வாங்கிய கைகளை எத்தனையோ பேர் படம் பிடித்தார்கள். உலர் உணவுப் பொதியை வாங்கும் தாயின் முகம் பத்திரிகையில் வந்தால், அடுத்த நாள் அவள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலை நிமிர முடியுமா? உதவி பெறுகிறவரின் பெயரும் முகமும் அவர் சம்மதம் இல்லாமல் வேண்டாம். வேலை செய்யும் தொண்டர்களைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

அனுப்பும் நேரம்

அறிவித்தல் என்றால் ஒரு கிழமைக்கு முன்பும், நடந்த செய்தி என்றால் அன்று இரவேயும் அனுப்ப வேண்டும். வீரகேசரி, தினகரன், தினக்குரல் முதலிய பத்திரிகைகளின் உங்கள் பகுதி நிருபரை முதலே அறிந்து வைத்திருங்கள். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால், கடுதாசியைப் படம் பிடித்து அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். நிருபர் திரும்பத் தட்டச்சு செய்யும் கரைச்சல் குறையும்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் தலையில் மட்டும் இதைப் போடாமல், படித்த பிள்ளைகள் இரண்டு பேரிடம் ஒப்படையுங்கள். எழுதியதை அனுப்பமுன் சங்கத்தில் இல்லாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கே, எப்போது, என்ன என்று அவர் திருப்பிச் சொன்னால் தைரியமாக அனுப்பலாம்.