சிதறிய சீட்டுகளும் ஒரே குறிப்பேடும்

நம் இல்லங்களில் மருத்துவச் சீட்டுகளுக்குக் குறைவில்லை. தோட்ட மருந்தகத்தின் அட்டை தகரப் பெட்டியிலும், அரசாங்க மருத்துவமனையின் தவணைச் சீட்டு சாமி படத்தின் பின்னும், தனியார் கிளினிக்கின் மாத்திரை உறைகள் அலமாரியிலும் கிடக்கின்றன. நள்ளிரவில் ஒருவர் மயங்கி விழும்போது ஒன்றும் கைக்கு வருவதில்லை.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. அரசாங்கக் கிளினிக்கில் 'மெட்போர்மின்' பெறும் நீரிழிவு நோயாளி, வேறோரிடத்தில் 'குளுக்கோபேஜ்' பெறக்கூடும். இரண்டும் ஒரே மருந்தென அறியாது இரண்டையும் உட்கொள்வார். பெனிசிலின் ஒவ்வாதவருக்கு அதனையே ஊசியாக ஏற்றினால் உயிருக்கே இடர் நேரலாம்.

இதைத் தவிர்க்க ஒரு பள்ளி நோட்டுப் புத்தகமே போதும். முதற் பக்கத்தில் பெயர், அடையாள அட்டை எண், ஒவ்வாத மருந்து, அதனால் நேர்ந்த விளைவு ஆகியவற்றை எழுதுவோம். அடுத்து, இன்று உண்ணும் மருந்துகளையும் அவற்றின் மில்லிகிராம் அளவையும் உறையைப் பார்த்தே எழுதுவோம். பின்னர் நோய்களையும் அறுவைச் சிகிச்சைகளையும் ஆண்டு வரிசையில் குறிப்போம். ஆண்டு நினைவில்லையெனில், மூத்த பிள்ளை பிறந்தது, தோட்டம் மாறியது போன்றவற்றைக் கொண்டு கணக்கிடலாம். பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் இருந்த நோய்களையும் சேர்ப்போம்.

இறுதிப் பக்கங்கள் சோதனை முடிவுகளுக்கு உரியவை. ஒரு நாள் சர்க்கரை அளவு அந்த வேளையின் நிலையை மட்டுமே காட்டும். 'எச்பிஏ1சி' கடந்த 2 முதல் 3 மாதங்களின் சராசரியைக் காட்டும். தேதியிட்டு வரிசையாக எழுதினால், நோய் தணிகிறதா, வளர்கிறதா என்பது மருத்துவருக்கு உடனே விளங்கும்.

பழைய சீட்டுகளை எறிந்துவிடாமல் ஒரே உறையில் வைப்போம். குறிப்பேடு இருக்கும் இடத்தை வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும். நாம் பேச இயலாத வேளையில் நமக்காகப் பேசுவது அதுவே.