பூண்டுலோயா ரசிகருக்கு எந்த ஹிந்திப் படம்?

தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைப்பவர் ஒரு படம் பார்ப்பதென்றால் வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளையும் அதற்குக் கொடுக்கிறார். ஹிந்திப் படங்களை விமர்சிப்போர் வசூலைச் சொல்வார்கள்; பூண்டுலோயாவில் கொழுந்து பறிப்பவருக்கோ கடைத்தெரு வியாபாரிக்கோ அதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

2023இல் வந்த ‘ஜவான்’ தமிழிலும் வெளியானது. அட்லி, நயன்தாரா, விஜய் சேதுபதி, அனிருத் என எல்லோரும் நமக்கு அறிமுகமானவர்கள். பொழுதுபோகும், அவ்வளவே.

நாம் பரிந்துரைப்பது நீரஜ் கேவான் இயக்கிய ‘ஹோம்பவுண்ட்’ (2025). பொலிஸ் வேலைக்குப் பரீட்சை எழுதும் இரு நண்பர்களில் ஒருவர் முஸ்லிம், மற்றவர் தலித். நியமனம் கைகூடாமல் சூரத் ஆலையில் வேலைக்குச் சேர்கின்றனர். 2020 ஊரடங்கில் ஆலை மூடப்பட, ஊர் நோக்கிப் புறப்படுகின்றனர். அதே ஆண்டில் கொழும்பில் வேலை பார்த்த நமது தோட்டத்து இளைஞர்களும் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். அவர்களுடைய பெற்றோருக்கு இக்கதையை எவரும் விளக்க வேண்டியதில்லை. சண்டையும் நடனமும் எதிர்பார்ப்போர் மட்டும் ஏமாறுவர்.

தீபாவளிக்கோ பெருநாளுக்கோ குடும்பத்தோடு சிரித்துப் பார்க்க விரும்புவோர் கிரண் ராவின் ‘லாபதா லேடீஸ்’ (2024) படத்தைத் தேடலாம். முக்காட்டினால் ரயிலில் மணப்பெண் மாறிப்போகும் கதை அது.