பழைய உயிரா? புதிய வேகமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தாயும் மகனுமாக இருவர் ஒரு மோட்டாரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓட்டிக்கொண்டு வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மகன் என்னிடம் படித்தவன். இப்போது பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. தந்தை செம்பனைக் குலை அறுப்பவர். தாய் உதிரிப்பழம் பொறுக்குபவர். லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோன பிறகு, கணவனும் மனைவியும் இருட்டோடு எழுந்து இதே மோட்டாரில்தான் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார்கள்.

"சார், நீங்களே இவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் பேச்சு எடுபட மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா.

"சார், எஞ்சின் போயிருச்சு. எப்படியும் பிரிக்கத்தான் போறோம். பிரிக்கிறதோட பெரிய பிளாக்கா போட்டுட்டா என்ன? காசு நான் சேத்து வெச்சிருக்கேன். அப்பாவுக்காகத்தானே செய்றேன்!" என்றான் மகன்.

அவன் கெட்ட பிள்ளை அல்ல. தன் காசைத் தந்தையின் மோட்டாருக்குச் செலவழிக்க முன்வந்தவன். ஆனால் அந்தத் தாயின் பயமும் பொய்யில்லை. வாசகர்களே, இந்த வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கும் ஒருநாள் வரலாம். ஆகவே, நான் அவர்களிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

புகை சொல்லும் சேதி

முதலில், எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். காய்ச்சல்காரனுக்கு நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை அல்லவா? மோட்டாருக்கு நாடி அதன் புகைக்குழாய்.

கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. கார்புரேட்டரையும் காற்று வடிகட்டியையும் துப்புரவு செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நீலப்புகை வந்தால் கறுப்பெண்ணெய் எரிகிறது. முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது பிளாக் தேய்ந்திருக்கலாம். காலையில் கிளப்பியவுடன் கொஞ்சம் புகைந்து பிறகு நின்றுவிட்டால், வால்வு சீல் மீது சந்தேகப்படலாம். அதற்கு முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டியதில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. பட்டறைக்காரரிடம் எஞ்சினின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள. பிறகு பிளக் துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் தேய்ந்தது ரிங்கும் பிளாக்கும். ஏறாவிட்டால் குற்றம் வால்வில். ஐந்து நிமிட வேலை. ஆனால் வீண் செலவைத் தடுக்கும்.

அந்தப் பையன் கொண்டுவந்த மோட்டாரில் நீலப்புகை, அழுத்தமும் இல்லை. பிரித்துத்தான் ஆக வேண்டும். கேள்வி என்னவென்றால், பிரித்த பிறகு எப்படிக் கட்டுவது?

பழையபடி கட்டுவது

நம் வட்டாரத்தில் மிகவும் பழகிய ஹோண்டா இ.எக்ஸ்.5 மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். கார்புரேட்டர் வைத்த பழைய ரகத்துக்கு பிஸ்டனின் அகலம் 50 மில்லிமீட்டர். அது ஏறி இறங்கும் தூரம் 49.5 மில்லிமீட்டர். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, உயரத்தாலும் பெருக்கினால் ஏறக்குறைய 97 சி.சி. வரும்.

பிளாக் தேய்ந்துவிட்டால் அதன் உட்சுவரைச் சற்றே குடைந்து, அதற்கேற்ற பிஸ்டனைப் போடுவார்கள். இதற்கென்றே 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் கூடுதல் அளவுள்ள பிஸ்டன்கள் கிடைக்கின்றன. கடைசி அளவான 51 மில்லிமீட்டர் போட்டாலும் எஞ்சின் 101 சி.சி.தான் ஆகும். அதாவது எஞ்சின் வளரவில்லை. இழந்த உடம்பைத் திரும்பப் பெறுகிறது. ஒரே பிளாக்கைப் பல முறை காப்பாற்றி எடுக்க இந்தப் படிகள் உதவும். ஆகவே 0.25 போதும் என்னும் இடத்தில் நேராக 1.00க்குத் தாவ விடாதீர்கள். தாவினால் அடுத்த தடவைக்கு இடம் இருக்காது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பப் பிளாக்கைக் குடைய வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விடும் இடம் ஒரு தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. குறைந்தால் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். கூடினால் தட்டும், மறுபடி புகையும். கண்ணால் பார்த்து "இது போதும்" என்று சொல்லும் வேலை அல்ல இது. அளவுக்கருவி இல்லாத பட்டறையில் இதைச் செய்யாதீர்கள்.

பெரிதாக்கிக் கட்டுவது

இப்போது பையன் கேட்ட வழிக்கு வருவோம். அவன் மனத்தில் இருந்தது 57 மில்லிமீட்டர் பிளாக். மறுபடி கணக்குப் போடுங்கள். 126 சி.சி. வருகிறது. முன்பு இருந்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம். காகிதத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும்.

ஆனால் பிஸ்டனின் முகம் 30 சதவீதம் பெரிதானால், அதே அழுத்தத்தில் அதன்மேல் விழும் அடியும் 30 சதவீதம் அதிகம். அந்த அடியைத் தாங்க வேண்டிய கான்ராடும் கிராங்கும் பழையவை. கிளட்சு பழையது. சங்கிலி பழையது. மேல் மூடியின் குழி பழைய அளவிலேயே இருந்தால் அழுத்த விகிதமும் ஏறும், சூடு ஏறும், எஞ்சின் 'டக்டக்' என்று இடிக்கத் தொடங்கும். கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றாவிட்டால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் வெந்து போகவும் கூடும். பெரிய பிளாக்கின் அடிப்பாகம் நுழைவதற்காகச் சில எஞ்சின்களில் கிராங்க் கேஸின் வாயையே குடைந்துவிடுவார்கள். குடைந்த அலுமினியம் திரும்ப ஒட்டாது. மனம் மாறினாலும் பழைய நிலைக்குப் போக வழி அடைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் பழையது. வேகத்தைக் கூட்டியவர்கள் நிறுத்தும் சக்தியைக் கூட்டுவதில்லை.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். இதே இ.எக்ஸ்.5 பின்னாளில் எரிபொருள் பீய்ச்சும் முறையோடு 109 சி.சி.யாக வந்தபோது, தொழிற்சாலை என்ன செய்தது தெரியுமா? பிஸ்டனின் அகலத்தை 50 மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொண்டு, ஏறி இறங்கும் தூரத்தை 55.6 மில்லிமீட்டராக நீட்டியது. அந்த 12 சி.சி.க்காக எஞ்சினின் உள்ளுறுப்புகளையே புதிதாக அமைத்தது. செய்தவர்களே இவ்வளவு யோசித்தார்கள் என்றால், நாம் ஒரு பிற்பகலில் 29 சி.சி. கூட்டிவிட முடியுமா?

சட்டமும் இருக்கிறது. ஜே.பி.ஜே. அனுமதி இல்லாமல் எஞ்சின் கொள்ளளவை மாற்றுவது குற்றம். கிராண்டில் ஓர் அளவும் எஞ்சினில் வேறோர் அளவும் இருந்து ஒரு விபத்து நேர்ந்துவிட்டால், காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க அது ஒரு காரணமாகலாம்.

பந்தயக் காரும் நம் மோட்டாரும்

"ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கிறவங்க எல்லாம் எஞ்சினைப் பெருசாக்குறாங்களே சார்?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி.

எம்.ஜி.பி. என்றொரு இங்கிலாந்துக் கார் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. அதன் எஞ்சின் 1798 சி.சி. அதை வைத்திருப்பவர்கள் எஞ்சின் தேய்ந்தால், பழையபடியே கட்டுவதா, 1950 சி.சி. வரை பெரிதாக்குவதா என்று இன்றும் வாதாடிக்கொள்கிறார்கள். கூடுதல் பலத்துக்காகப் பெரிதாக்குபவர்களும் உண்டு. வண்டி பிறந்தபடியே இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. இரண்டுமே அவர்களுக்குச் சரிதான். அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போகும் வண்டி. நின்றுபோனால் ஒரு ஞாயிறு வீண், அவ்வளவுதான்.

நம் மோட்டார் நின்றுபோனால்? 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. புருஷன் பெண்சாதி இருவரும் ஒரே மோட்டாரில் போகிறவர்கள் என்றால் 130 வெள்ளி. மோட்டார் பட்டறையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் இது கையைவிட்டுப் போகக்கூடும். ஆகவே, "எது வேகமாக ஓடும்?" என்பது நம் கேள்வி அல்ல. "எது நாளைக் காலையில் தவறாமல் கிளம்பும்?" என்பதே நம் கேள்வி.

என் தகப்பனார் நடந்த வழி

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில், ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். என் தகப்பனாரின் மோட்டார் புகைந்துகொண்டிருந்தது. அவர் பால்மரம் வெட்டுகிறவர். "நான் பார்த்துக்கிறேன் அப்பா" என்று பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் பெரிய பிளாக்கைக் காட்டினார். என் உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு சட்டைப்பையில் இருந்தது. சரி என்றேன்.

இரண்டு வாரம் பறந்தது. தகப்பனாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம், விடியற்காலை இருட்டில், தீம்பார் நடுவே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கியது. முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு எழுந்த அவர், மோட்டாரை மரத்தில் சாய்த்துவிட்டுப் பெரட்டுக்கு நடந்தே போனார். போய்ச் சேர்ந்தபோது அவருடைய நிரையை மண்டோர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அன்று அவருக்குப் பேர் இல்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. முழங்கையில் மருந்து தடவிக்கொண்டே, "எனக்குச் சத்தமும் வேணாம், வேகமும் வேணாம்ப்பா. காலையில ஒரே மிதியில கிளம்புனா அது போதும்" என்றார். இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. யாருக்காக மோட்டாரைச் செய்கிறேனோ, அவரையே நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் நான் செய்த பிழை.

இதைச் சொல்லி முடித்தபோது பையன் தலை குனிந்திருந்தான். "உன் அப்பாவைக் கேட்டாயா தம்பி?" என்றேன். "இல்ல சார்" என்றான்.

பட்டறைக்குப் போகுமுன்

பழையபடி கட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கேளுங்கள். எது மாற்றப்பட்டது என்பது தெரியும்.

பிளாக்கைக் கழற்றியவுடன் கான்ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் கிராங்கையும் பார்த்தாக வேண்டும். அதை விட்டுவிட்டு மேலே மட்டும் புதிது போடுவது, கறையான் அரித்த தூணின்மேல் புதுக்கூரை போடுவதற்குச் சமம்.

வால்வுகளைத் தேய்த்துப் பதமாக உட்கார வைத்து, வால்வு சீலையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் காசு பெரிதல்ல.

கட்டி முடித்த முதல் 500 கிலோமீட்டர் வரை முழுதாக முறுக்க வேண்டாம். ஒரே வேகத்திலும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். புது ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று பழக வேண்டும். கறுப்பெண்ணெயைச் சீக்கிரமே ஒருமுறை மாற்றிவிடுங்கள். இந்தச் சின்ன எஞ்சினுக்குள் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய். அதுவே எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் சேர்த்துக் காவல். வாரம் ஒருமுறை அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். வாரா வாரம் இதைப் பார்த்திருந்தால் பல எஞ்சின்களைப் பிரிக்க வேண்டியே வந்திருக்காது.

பெரிய பிளாக்குக்கு வைத்திருந்த காசில் மிச்சம் இருந்தால், அதை பிரேக் கட்டைக்கும் டயருக்கும் சங்கிலிக்கும் முன்விளக்குக்கும் போடுங்கள். இருட்டில் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உயர்வு கிடையாது.

அடுத்த வாரம் பையன் மறுபடி வந்தான். தகப்பனாரைக் கேட்டானாம். அவரும் ஏறக்குறைய என் தகப்பனார் சொன்னதையே சொன்னாராம். 0.50 பிஸ்டன் போட்டு, பழையபடி கட்டியாகிவிட்டது. மிச்சக் காசில் இரண்டு டயரும் புதிது.

"ஆனா சார், எனக்குன்னு ஒரு மோட்டார் வாங்குனா, அதுல பெரிய பிளாக் போடலாம்ல?" என்று சிரித்தான்.

வாலிப வயது, ஆசை இருக்கத்தான் செய்யும். "ஜே.பி.ஜே.யில் அனுமதி வாங்கி, கிராங்கிலிருந்து பிரேக் வரை அதற்கேற்ப எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போடு. அதுவரை உன் அம்மா பின்னால் உட்காரும் வண்டியில் கை வைக்காதே" என்றேன்.

அவன் மோட்டாரை மிதித்தான். ஒரே மிதியில் கிளம்பியது.