கிறிஸ்துநாதரின் இரு தன்மைகளும் துன்பகாலமும்

கிறிஸ்துநாதர் மெய்த்தேவனும் மெய்ம்மனிதனுமாவார் என்பது திருச்சபையின் பழைய கொள்கை. ஏட்டில் பயிலும் இத்தர்க்கம், இடுக்கண் வந்துற்றபோது யாது பயன் தரும் என மாணவர் சிலர் வினவுதல் உண்டு. நேர்மையான வினாவே.

இதனை விளக்க நம் ஊரார் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. ஸ்ரீரங்கத்து வைணவ ஆசாரியர்கள் பகவானுக்குப் பரத்துவம், சௌலப்பியம் என்னும் இரண்டையும் சொல்வர். முன்னது எட்டாத மேன்மை. பின்னது எவரும் கிட்டுதற்குரிய எளிமை. மேன்மை மட்டும் உளதாயின் அஞ்சி விலகுவோம். எளிமை மட்டும் உளதாயின் கிட்டியும் பயனில்லை. இவ்வளவில் இரு சமயத்தாரும் ஒருங்கே நடக்கலாம். ஆயின் அவதாரத் திருமேனி நம் உடல்போலப் பிரகிருதியாலாயதன்று, சுத்த சத்துவமயமானது என்பது வைணவ சித்தாந்தம். கி.பி. 451-இல் கல்செதோன் நகரிற் கூடிய சங்கமோ, கிறிஸ்து தேவத்துவத்தில் பிதாவோடும், மானிடத்துவத்தில் பாவமொன்று நீங்கலாக நம்மோடும் ஒரே தன்மையர் என்றும், இவ்விரு தன்மைகளும் கலவாமலும் பிரியாமலும் ஒருவரிடத்தே உள்ளன என்றும் தீர்மானித்தது. ஆகவே அவருடைய பசியும் களைப்பும் மரணவேதனையும் நம்முடையன போன்றனவே.

லாசருவின் கல்லறையருகே நிகழ்ந்ததைக் காண்க. சற்றுநேரத்தில் அவனை எழுப்பப்போவதை அறிந்தும் இயேசுநாதர் கண்ணீர் விட்டார். அழுதவரும் எழுப்பினவரும் ஒருவரே. விசுவாசி அழலாகாதென்று துக்கவீட்டில் உபதேசிக்கும் நண்பர்கள் இப்பகுதியை மீண்டும் படித்தல் நலம்.

நிற்க. நம் நகரில் நிகழ்ந்ததொன்றை நினைவுகூர்வோம். 1826-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ம் தேதி திங்கட்கிழமை காலையில் கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர், ஸ்வார்ட்ஸ் ஐயர் கோட்டையில் எழுப்பிய ஆலயத்திற்குச் சென்று, தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் நடத்தி, தமிழிலேயே ஆசீர்வாதமுங் கூறினார். தங்கியிருந்த மாளிகைக்குத் திரும்பி நீராடச் சென்றவர் அங்கேயே உயிர்நீத்தார். வயது நாற்பத்திரண்டு, மனைவியார் அமீலியா கல்கத்தாவில் இருந்தார். இப்படி ஏன் நேர்ந்தது என்பதற்கு நாம் விளக்கிய கொள்கை விடை கூறாது. விடை கூறுவதாகப் பாவிப்பதுமில்லை. மரித்தவர் சென்ற வழியில் முன்னமே ஒருவர் மனிதராய் நடந்தார், அவரை மரணம் பிடித்துவைக்க இயலவில்லை என்று மட்டும் சொல்லும். அழுவோருக்கு முன்னது துணை. நம்புவோருக்குப் பின்னது ஆதாரம். இரண்டில் ஒன்றை நீக்கினால் மற்றது வெறுஞ்சொல்லாகும்.

ஹீபர் செயின்ட் ஜான் ஆலயத்தில் அடக்கஞ்செய்யப்பட்டார். திரியேக தேவனைத் துதிக்கும் அவருடைய புகழ்பெற்ற பாடல் உட்பட அவர் இயற்றிய கீர்த்தனைகளை 1827-இல் அமீலியா அம்மையார் நூலாக வெளியிட்டார்.