கூகுள் வரைபடத்தில் கடை இருந்தும் வாடிக்கையாளர் வராதது ஏன்? சிறு வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

புதுதில்லி: 'அருகில் உள்ள மிக்ஸி பழுதுபார்க்கும் கடை' என்று கைப்பேசியில் தேடுபவருக்கு முதலில் தெரிவது இணையதளங்கள் அல்ல. ஒரு வரைபடமும் அதற்குக் கீழே பெரும்பாலும் மூன்று கடைகளின் பெயர்களுமே தெரிகின்றன. அதே தெருவில் பல ஆண்டுகளாகத் தொழில் செய்பவரின் கடை அந்த மூன்றில் இடம்பெறாமல், அண்மையில் திறக்கப்பட்ட கடை முன்னே நிற்பதும் உண்டு. தேடுபவர் நான்காவது பெயரைப் பார்ப்பதற்குள் யாரையாவது அழைத்துவிடுகிறார்.

முன்பு இந்த வேலையை 'மஞ்சள் பக்கங்கள்' எனப்பட்ட தொலைபேசி வழிகாட்டி நூல்கள் செய்தன. பின்னர் 1996-இல் மும்பையில் தொடங்கிய ஜஸ்ட் டயல், ஒரே எண்ணை அழைத்துக் கடைகளின் விவரம் கேட்கும் பழக்கத்தை உருவாக்கியது. இன்று பெரும்பாலான தேடல்கள் கூகுளில் நடக்கின்றன. 2014-இல் 'கூகுள் மை பிசினஸ்' என்ற பெயரில் வந்த சேவை, 2021-இல் 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' எனப் பெயர் மாறியது. இதற்கெனத் தனிச் செயலி இப்போது இல்லை. உரிமையாளர் தமது கணக்கில் நுழைந்து, கூகுள் தேடலிலோ வரைபடத்திலோ கடையின் பெயரைத் தேடினாலே திருத்தும் வசதி தோன்றும். இது முற்றிலும் இலவசம்.

இலவசம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை வரைபடத்திலிருந்து நீக்கப்படும்" என்று வரும் அழைப்புகளை நம்பிப் பணம் செலுத்தும் வணிகர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் மேலே வருவதற்குப் பணம் பெறுவதில்லை என்பது கூகுளின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு. விளம்பரம் செய்தால் அது விளம்பரம் என்ற குறிப்புடன் தனியாகத்தான் தோன்றும்.

மூன்று அளவுகோல்கள்

எந்தக் கடையை முன்னே காட்டுவது என்பதற்குப் பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றையும் கணக்கில் கொள்வதாகக் கூகுள் கூறுகிறது. தொலைவை மாற்ற இயலாது. பிரபலம் மெல்ல வளர்வது. உடனடியாகச் சீர்செய்யக்கூடியது பொருத்தம் ஒன்றே. பெரும்பாலோர் கோட்டை விடுவதும் அதில்தான்.

பதிவு செய்யும்போது ஒரு முதன்மை வகையையும் அதிகபட்சம் 9 கூடுதல் வகைகளையும் தேர்ந்தெடுக்கலாம். கைப்பேசி பழுதுபார்ப்பவர் 'மின்னணுப் பொருள் கடை' என்று மட்டும் குறித்திருந்தால், உடைந்த திரையை மாற்ற இடம் தேடுபவருக்கு அவர் கடை தென்படும் வாய்ப்பு குறைவு. வருமானத்தில் பெரும்பகுதி எந்த வேலையிலிருந்து வருகிறதோ, அதையே முதன்மை வகையாகக் குறிப்பதே முறை.

வகையைச் சரிசெய்வதற்குப் பதிலாகப் பெயரை நீட்டுவது பலரும் கையாளும் குறுக்குவழி. 'சர்மா ஏசி சர்வீஸ், நொய்டாவின் நம்பர் ஒன், குறைந்த கட்டணம், 24 மணி நேரம்' என்ற பாணியிலான பெயர்கள் விதிமீறலாகக் கருதப்படும். பெயர்ப்பலகையில் உள்ள பெயர் மட்டுமே பதிவில் இருக்க வேண்டும். மீறினால் பதிவு முடக்கப்படலாம். முடக்கப்பட்ட பதிவை மீட்பது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

முகவரியும் நேரமும்

இந்திய முகவரிகளைக் கணினி புரிந்துகொள்வது எளிதன்று. பெங்களூருவில் ஒரே பகுதியில் '5-ஆவது மெயின்', '5-ஆவது கிராஸ்' என இரண்டும் இருக்கும். சண்டீகரில் கடைகளுக்குச் செக்டார் எண்ணுடன் 'எஸ்சிஓ' எண்ணும் உண்டு. வேறு பல ஊர்களில் 'தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே' என்பதே முகவரி. அஞ்சல் துறை 2025 மே மாதத்தில் அறிமுகப்படுத்திய 'டிஜிபின்', நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்து-எண் குறியீடு அளிப்பது இத்தகைய குழப்பங்களால்தான்.

ஆகவே முகவரியைத் தட்டச்சு செய்வதோடு நிறுத்தாமல், வரைபடத்தில் உள்ள ஊசிக் குறியைக் கையால் நகர்த்திக் கடையின் நுழைவாயிலில் வைக்க வேண்டும். ஊசி அடுத்த தெருவில் நின்றால் வாடிக்கையாளரும் அங்கேதான் போய் நிற்பார். வீட்டிலிருந்தபடி குழாய் வேலை, மின்வேலை போன்றவற்றை ஏற்றுச் செய்வோர், வீட்டு முகவரியை மறைத்துவிட்டுச் சேவை அளிக்கும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். அதிகபட்சம் 20 பகுதிகள் அனுமதிக்கப்படும்.

வேலை நேரம் சிறு விஷயமாகத் தோன்றும், ஆனால் நம்பிக்கை உடைவது இங்கேதான். தில்லியில் சந்தைக்குச் சந்தை வார விடுமுறை வேறுபடும். சரோஜினி நகரில் திங்கள், சாந்தினி சௌக்கில் ஞாயிறு. கொல்கத்தாவில் துர்கா பூஜையின்போதும் பாட்னாவில் சத் பூஜையின்போதும் வழக்கமான நேரம் பொருந்தாது. இத்தகைய நாள்களுக்குச் 'சிறப்பு நேரம்' என்ற தனிப் பகுதி உள்ளது. 'திறந்துள்ளது' என்பதைப் பார்த்துவிட்டு வந்து, பூட்டிய கதவைக் கண்டவர் எழுதும் விமர்சனம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

விமர்சனங்களை வாங்கலாமா?

கூடாது. "ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் 10 சதவீதத் தள்ளுபடி" என்று கல்லாவில் எழுதி ஒட்டுவது கூகுள் விதிகளுக்கு எதிரானது. மகிழ்ச்சியுடன் செல்பவரிடம் மட்டும் விமர்சனம் கேட்டு, குறை சொல்பவரைத் தவிர்ப்பதும் அவ்வாறே. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் வெளியிட்ட இணைய விமர்சனங்களுக்கான தரநிலையும் (ஐஎஸ் 19000) பணம் கொடுத்துப் பெறும் விமர்சனங்களை ஏற்பதில்லை. அந்தத் தரநிலை கட்டாயமானதாக அன்றி, தன்னார்வ அடிப்படையிலேயே வெளியிடப்பட்டது.

எல்லோரிடமும் ஒரே மாதிரி, சலுகை எதுவுமின்றிக் கேட்கலாம். அதற்கான இணைப்பையும் கியூஆர் குறியீட்டையும் கூகுளே அளிக்கிறது. குறை கூறும் விமர்சனத்துக்கு அளிக்கும் பதில், அதை எழுதியவரைவிட அடுத்து வாசிக்கப்போகும் நூறு பேருக்கானது. நடந்ததைச் சுருக்கமாக ஒப்புக்கொண்டு, செய்யவிருப்பதைச் சொன்னால் போதும். வாக்குவாதம் கடைக்கு உதவாது.

எண் மாறினால் வாடிக்கையாளரின் பணமே போகலாம்

வரைபடத்தில் உள்ள விவரங்களுக்கு யார் வேண்டுமானாலும் 'திருத்தம் பரிந்துரைக்க' முடியும். நல்ல நோக்கத்துக்கான இந்த வசதியைப் பயன்படுத்தி, வங்கிக் கிளைகளின் தொலைபேசி எண்களுக்குப் பதிலாக மோசடிக் கும்பல் தன் எண்களைச் சேர்த்தது 2018-இல் மகாராஷ்டிரத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. வங்கியை அழைப்பதாக எண்ணியவர்கள் மோசடியாளர்களிடமே அட்டை விவரங்களைக் கூறினர். 2025 ஏப்ரலில், கேதார்நாத், சார்தாம் யாத்ரிகர்களையும் சோம்நாத் போன்ற தலங்களுக்குச் செல்வோரையும் குறிவைத்துப் போலி முன்பதிவு மோசடிகள் நடப்பதாக உள்துறை அமைச்சகத்தின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் எச்சரித்தது.

உரிமை கோரப்படாத பதிவுகளில் இந்த ஆபத்து கூடுதல், ஏனெனில் மாற்றத்தைக் கவனிக்க அங்கு ஆளில்லை. விடுதி, மருந்தகம், பயண முகவர் போன்ற தொழில்களில் இருப்போர் வாரம் ஒருமுறையாவது தங்கள் எண்ணைத் தாங்களே சரிபார்ப்பது நல்லது. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.

சாவி யார் கையில்?

பதிவை உருவாக்கித் தந்த விளம்பர முகவரோ, வேலையை விட்டுச் சென்ற ஊழியரோ கணக்கின் உரிமையாளராக இருப்பது பரவலான சிக்கல். முதன்மை உரிமை கடைக்காரரின் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும். மற்றவர்களை மேலாளராக மட்டும் சேர்க்கலாம். உரிமை வேறொருவரிடம் இருந்தால், அதைக் கோரி விண்ணப்பிக்கலாம். தற்போதைய உரிமையாளர் பதிலளிக்க 3 நாள்கள் தரப்படும்.

உரிமையை நிரூபிக்க இப்போது பல நேரங்களில் காணொளி கேட்கப்படுகிறது. தெருவின் பெயர் அல்லது பக்கத்துக் கடைகள், பெயர்ப்பலகை, கடைக்காரர் தாமே பூட்டைத் திறப்பது அல்லது கல்லாவை இயக்குவது ஆகியவை வெட்டின்றி ஒரே பதிவாக இருக்க வேண்டும். வங்கி விவரங்களோ அடையாள அட்டையோ அதில் தெரியக் கூடாது.

பதிவு முடக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் ஆதாரங்களை இணைப்பதற்கான படிவத்தைத் திறந்த பின் 60 நிமிடங்களே அவகாசம். ஜிஎஸ்டி சான்று, வணிக உரிமம், கடையின் மின்கட்டண ரசீது ஆகியவற்றில் பெயரும் முகவரியும் பதிவில் உள்ளபடியே இருக்கின்றனவா எனப் பார்த்து, அவற்றைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே படிவத்தைத் திறக்க வேண்டும். அதைச் செய்யாமல் அவசரத்தில் புதிய பதிவைத் தொடங்குவோர், ஒரே கடைக்கு இரண்டு பதிவு என்ற இன்னொரு விதிமீறலிலும் சிக்கிக்கொள்கிறார்கள். கடை வேறு தெருவுக்கு மாறினாலும் இதே விதிதான்: பழைய பதிவில் முகவரியை மாற்றினால் போதும், சேர்த்த விமர்சனங்கள் பொதுவாக அதனுடனேயே வரும்.