மணிப்பூ நம் வீட்டில் ஏன் மலர்வதில்லை?

மாணவர்களே, ஊதா மணிப்பூப் படம் போட்ட விதைப் பொட்டலத்தை வாங்கி விதைக்கிறோம். இலை வளர்கிறது; பூ மட்டும் வருவதில்லை. விதைதான் கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

கேம்பனுலா எனப்படும் மணிப்பூச் செடிகளில் பல, குளிர்நாட்டுப் பல்லாண்டுச் செடிகள். குளிர்காலத்தில் தண்டும் இலையும் மடியும். மண்ணுக்குள் வேர்ப்பகுதி உயிரோடிருந்து வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும்.

பூக்கும் காலத்தை இவை எப்படி அறிகின்றன? பீச் இலை மணிப்பூ பல வாரக் கடுங்குளிரைக் கடந்த பிறகே மொட்டு விடும். இதைத் ‘தட்பப்பதனம்’ என்பர். கார்ப்பாத்திய மணிப்பூவுக்கோ நீண்ட பகல் வேண்டும். மத்திய ஐரோப்பாவில் கோடைப் பகல் ஏறக்குறைய 16 மணி நேரம். மலேசியாவில் ஆண்டு முழுவதும் சுமார் 12 மணி நேரம்தான். குளுமையான கேமரன் மலையிலும் பகலின் நீளம் அதேதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடைவிடாத இருளை. எனவே சில நாடுகளில் நாற்றுப்பண்ணையினர் இரவு 10 முதல் 2 மணி வரை விளக்கெரித்து இருளை இரண்டாகப் பிரிக்கின்றனர். செடியும் கோடை வந்துவிட்டதென மொட்டு விடுகிறது!

இனி விதை வாங்கும்முன் கேளுங்கள்: இந்தச் செடி எந்த ஊரின் வெயிலுக்கும் இருளுக்கும் பழகியது?